கையில் ஒட்டாத பதம்

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உறையைப் பார்த்ததும் யாரோ வாடிக்கையாளர் எழுதியது என்று நினைத்திருப்பீர்கள். அதற்காகத்தான் கடை முகவரிக்கு, அனுப்புநர் பெயர் போடாமல் அனுப்புகிறேன். தபாலை வாங்குவது நீங்கள்தான். உங்கள் வீட்டுக்காரர், நம் பெரியவர், இஸ்திரி மேசையை விட்டு நகர மாட்டார். போன் செய்திருக்கலாம். ஆனால் கடைப் போன் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, இங்கே உங்கள் கொழுந்தனார் எண்ணையே மாற்றிவிட்டார். அதோடு, போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே ஆளுக்கொரு பக்கமாக நம் வீட்டுக்காரர்களுக்கு வக்காலத்து வாங்க ஆரம்பித்துவிடுவோம். போன முறை அப்படித்தானே ஆனது. எழுதினால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

எனக்கு ஒரு மழலையர் பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. ஆயாவுக்கும் டீச்சருக்கும் நடுவில் ஒரு வேலை. மூக்கைத் துடைப்பது, பாட்டுப் பாடுவது, ஷூ நாடா கட்டிவிடுவது. சிட்டுவும் தன் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கே வந்து, நான் கிளம்பும்வரை இருக்கிறாள். இங்கே வெள்ளிக்கிழமை பிற்பகலில் ‘தொட்டு விளையாடும் நேரம்’ என்று ஒன்று உண்டு. ஈர மணல், பஞ்சு, ஊறிய காகிதம் என்று ஏதாவது ஒன்றைத் தட்டில் கொட்டிவிடுவோம், பிள்ளைகள் அளைவார்கள். விரலுக்கு வலு வருமாம், அடம் பிடிக்கிற பிள்ளை அடங்குமாம். தலைமை டீச்சர், அடுத்தது ஸ்லைம், யாருக்குச் செய்யத் தெரியும் என்று கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். “எங்க வீட்ல பிள்ளைங்க தினமும் பண்ணுவாங்க” என்று சொல்லிவிட்டேன்.

பண்ணினேன். வெள்ளைப் பசை, தண்ணீர், கஞ்சி, கொஞ்சம் பச்சைச் சாயம். எவ்வளவு கிண்டியும் பதமே வரவில்லை. ஒரு பொடியன் எட்டிப் பார்த்துவிட்டு “டீச்சர், இது சளி” என்றான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது.

அது போகட்டும். சிட்டு அன்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரமாகவே நின்றாள். அங்கே இருந்தபோது வாண்டுவோடு சேர்ந்து நாளெல்லாம் ஸ்லைமை இழுத்துக்கொண்டு திரிந்தவள் இவள்தானா என்று எனக்கே சந்தேகம். புதுப் பள்ளிக்கூடத்திலும் யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள். அண்ணன் செய்கிற அதே மாதிரி செய்து கொடுத்தால் கொஞ்சம் தெளிவாளோ என்று ஒரு நப்பாசை. வாண்டுவிடம் கேட்டு அளவை மட்டும் எழுதுங்கள். பெரியவருக்குத் தெரிய வேண்டாம். பதிலைப் பள்ளிக்கூட முகவரிக்கே அனுப்புங்கள்.

உங்கள் தங்கை

ஜூன் 10

உனக்கு,

நாலு மாதம் கழித்து ஒரு கடிதம். சௌக்கியமா என்று ஒரு வரி இல்லை. ஸ்லைமுக்கு அளவு வேண்டுமாம்.

நான் சௌக்கியம்தான், கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மூட்டுவலி அப்படியே இருக்கிறது. துணி மடிக்க உன் கை இல்லாததால் நானே மடிக்கிறேன். மாடியில் உங்கள் அறையைப் பூட்டியே வைத்திருக்கிறேன், வாடகைக்கு விடவில்லை. விடச் சொல்லி உன் பெரியவர் சொன்னார். சாவியைக் காணோம் என்று சொல்லிவிட்டேன்.

ஸ்லைம் என்ற அந்தச் சனியனின் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை. கம்பளிக் கோட்டு மேசைமேல் இருந்தது, இரண்டும் அதன்மேல் கொழகொழவென்று கொட்டி வைத்திருந்தன, கோட்டுக்காரன் வாசலில் நின்றான். தொழில் செய்கிற மனுஷனுக்குக் கோபம் வராதா? உன் பெரியவர் பேசியது அதிகம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் உன் வீட்டுக்காரர் செய்தது? கறை எடுப்பதில் இந்த ஊரிலேயே அவருக்கு நிகர் கிடையாது. வினிகரைத் தொட்டு நாலு தேய் தேய்த்திருந்தால் அந்த இடத்திலேயே போயிருக்கும். புட்டியைக் கையில் எடுத்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டு, “அப்ப நீங்களே எடுத்துக்குங்க” என்று படியேறிப் போனார். என் வீட்டுக்காரருக்குத் தெரிந்ததெல்லாம் இஸ்திரி. தலைவலி வந்தாலும் இஸ்திரிதான் போடுவார். போட்டார். பசைமேல் சூடு பட்டால் என்ன ஆகும் என்று வண்ணான் துறைக் கழுதைக்கும் தெரியும், இவருக்குத் தெரியாமல் இல்லை. கோபம் கண்ணை மறைத்துவிட்டது. கோட்டு பலகை மாதிரி ஆனது. குடும்பமும் அன்றைக்கே இரண்டானது.

பிள்ளைச் சண்டையில் பெரியவர்கள் தலையிடக் கூடாது என்பார்கள். இங்கே பிள்ளைகள் சண்டையே போடவில்லை.

வாண்டு அளவு எதுவும் சொல்ல மாட்டேன் என்கிறான். நான் பார்த்தவரை பசை ஒரு கிண்ணம், அதில் பாதி தண்ணீர், கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விடுவான். ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்று பசையைக் குறை சொல்லாதே.

சிட்டு ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

அக்கா

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா, மூட்டுவலி எப்படி இருக்கிறது? இந்த முறை முதலிலேயே கேட்டுவிட்டேன்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரி விட்டுப்போயிற்று. நானே எழுதிவிடுகிறேன். கோட்டின் மேல் ஸ்லைமைக் கொட்டியது இரண்டு பிள்ளைகளும். பெரியவர், கோட்டுக்காரர் முன்னால், “உன் பொண்ணை ஒழுங்கா வளர்க்கத் தெரியல, கறையைப் பத்திப் பேச வந்துட்டான்” என்றார். உன் பொண்ணு. அக்கா, நான் அந்த வீட்டுக்கு வாழ வந்ததிலிருந்து அங்கே ‘உன் பிள்ளை, என் பிள்ளை’ என்ற பேச்சை ஒரு நாளும் கேட்டதில்லை. வாண்டுவுக்கு அம்மை போட்டபோது இரவெல்லாம் கூட இருந்தது இவர். சிட்டு நடக்கப் பழகியது பெரியவரின் விரலைப் பிடித்துக்கொண்டு. இவருக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. எனக்கும்தான். நாங்கள் என்ன கோட்டுக்காகவா மூட்டை கட்டினோம்?

எழுதிவிட்டேன். கிழிக்கலாமா என்று யோசித்தேன், கிழிக்கவில்லை. கோபப்படுங்கள், ஆனால் பதில் போடுங்கள்.

ஸ்லைம் மறுபடி தோற்றது. நீங்கள் சொன்ன அளவில் இரண்டு தரம் செய்தேன். முதல் தடவை தண்ணீராக ஓடியது. இரண்டாவது தடவை கட்டி கட்டியாகி, கிண்ணத்தோடு குப்பைக்குப் போயிற்று. கஞ்சியை நானே மாவு கரைத்துக் காய்ச்சினேன், கட்டி இல்லாமல் வடிகட்டினேன். அப்படியும் வரவில்லை. தலைமை டீச்சர் கட்டண ரசீதுகளைப் புத்தகத்திலிருந்து கொஞ்சம் சத்தமாகக் கிழித்தார், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இவர் வேலை செய்கிற ஹோட்டல் சலவைப் பிரிவில் இவரை மிகவும் பிடித்துவிட்டது. வேறோர் ஊரில் புதிதாக ஒரு ஹோட்டல் திறக்கிறார்கள். அங்கே சலவைப் பிரிவுக்கே பொறுப்பாக இவரைக் கேட்கிறார்கள். தங்க வீடும் தருவார்களாம். உங்கள் ஊரிலிருந்து போக ஒரு பகலும் ஓர் இரவும் ஆகும். ஆகஸ்ட் நடுவில் கையெழுத்துப் போட்டாக வேண்டும். போட்டுவிட்டால் நாலு வருஷத்துக்கு அசைய முடியாது. நாலு வருஷத்தில் சிட்டுவுக்கு வாண்டுவின் முகம் மறந்துபோகும். அவனுக்கும் இவள் யாரோ ஆகிவிடுவாள்.

போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? போகலாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

தங்கை

ஜூன் 27

உனக்கு,

கோபப்பட்டேன். இரண்டு நாள் பதில் எழுதாமல் இருந்தேன். பிறகு யோசித்தால், அந்த வரியை நான் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன் போலிருக்கிறது. சரி, விடு.

இதோடு ஒரு பொட்டலம் வரும். உள்ளே ஒரு புட்டிக் கஞ்சி. கஞ்சி என்றால் எல்லாம் ஒரே கஞ்சி என்று நினைத்துக்கொண்டு மாவைக் காய்ச்சினாயாக்கும்! இத்தனை வருஷம் சலவைக் கடைக்கு மேல் குடியிருந்துவிட்டு இதுகூடத் தெரியவில்லை என்றால் உன்னை என்ன சொல்வது! சட்டைக் காலர் விறைக்க நம் கடைக்குக் கேனில் வருமே, அந்தக் கஞ்சி வேறு. அதில் ஏதோ உப்புச் சரக்கு சேர்க்கிறார்கள், அதுதான் பசையைப் பிடித்து இழுக்கிறது. வாண்டு கேனிலிருந்து திருடித்தான் செய்துகொண்டிருந்தான். பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். கையில் புண் இருக்கிற பிள்ளையைச் சேர்க்காதே. விளையாடி முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவச் சொல். கார்ப்பெட்டில் விழுந்தால் வினிகர், மறந்தும் வெந்நீர் ஊற்றாதே.

ஹோட்டல் விஷயம் நல்லதுதானே. பொறுப்பான வேலை, வீடு வேறு. போய்ச் சேருங்கள். இங்கே எங்களுக்கு என்ன குறை? மை, எண்ணெய், காபி என்று கறையோடு வருகிற துணிகளை ‘எடுக்க முடியாது’ என்று திருப்பி அனுப்புகிறோம். “சின்னவர் எப்ப வருவார்?” என்று எல்லாரும் கேட்கிறார்கள். வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்கிறேன். பொய் இல்லையே. உன் பெரியவர் சாப்பிடும்போது வாய் திறப்பதில்லை, வேறு எப்போதும் திறப்பதில்லை. ஹோட்டல் சேதியை அவரிடம் சொன்னேன், எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்கவில்லை. மடித்து வைத்த சட்டையை எடுத்துத் திரும்ப இஸ்திரி போட்டார்.

கோபத்தில்தான் ‘போய்ச் சேருங்கள்’ என்று எழுதினேன். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே.

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

வந்துவிட்டது!

நீங்கள் அனுப்பிய கஞ்சியைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதலில் நூல் நூலாகப் பிரிந்தது. பிறகு கிண்ணத்தின் ஓரத்தை விட்டு மெதுவாக விலகி நடுவில் திரண்டது. பிள்ளைகள் மேசையைச் சுற்றி மூச்சு விடாமல் நின்றார்கள். ஆளுக்கு ஓர் உருண்டை கொடுத்தேன். சளி என்று சொன்ன பொடியன் உருண்டையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு “ஜில்லுனு இருக்கு டீச்சர்” என்றான். எப்போதும் பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிற ஒருத்தி அன்று முழுவதும் ஸ்லைமைத்தான் கிள்ளினாள். ஒருவன் தட்டின் விளிம்பில் தொங்கவிட்டு, அது தரையைத் தொடும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான், தொட்டதும் எடுத்து மறுபடி தொங்கவிட்டான். அறையில் சத்தமே இல்லை. தலைமை டீச்சர், பிள்ளைகள் தூங்கிவிட்டார்களோ என்று வந்து பார்த்தார். பிறகு அவரும் ஓர் உருண்டை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சிட்டு மட்டும் தொடவில்லை. நான் வீட்டிலும் செய்தேன், அவளுக்கென்று, அவளுக்குப் பிடித்த நீல நிறத்தில். கிண்ணத்தருகே வந்தாள், குனிந்து பார்த்தாள், “இது இன்னும் ரெடியாகல” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆயிற்றே, பாரேன் என்று இழுத்துக் காட்டினேன். இல்லை என்று தலையாட்டினாள். வகுப்பில் இருக்கிற பொறுமை வீட்டில் எனக்கு இல்லை. கையைப் பிடித்துக் கிண்ணத்துக்குள் வைத்துவிட்டேன். அப்படி ஓர் அலறல் நான் கேட்டதில்லை. விரலை விரித்துக்கொண்டு, ஒட்டியிருந்ததைப் பார்த்துப் பார்த்து அழுதாள். அன்று முழுவதும் என் பக்கத்தில் வரவில்லை. இரவு இவர்தான் தூங்க வைத்தார்.

பெற்றவள் நான், என் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. வாண்டுவிடம் கேளுங்கள் அக்கா. திட்டாமல் கேளுங்கள்.

தங்கை

ஜூலை 13

உனக்கு,

திட்டாமல் கேட்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். சிட்டு ஸ்லைமைத் தொட மாட்டேன் என்கிறாளாம், ஏன் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

“ஒட்டுற வரைக்கும் அவ தொட மாட்டாம்மா. கையில ஒட்டினா அவளுக்குப் பயம். நான்தான் பிசைவேன். கைய விட்டு வந்ததுக்கு அப்புறம் குடுப்பேன்.”

எவ்வளவு நேரம் பிசைவாய் என்றேன். ஒட்டாமல் வரும்வரை என்றான். தன் கையில் கொஞ்சங்கூட ஒட்டவில்லை என்று அவளுக்கு விரித்துக் காட்டுவானாம், அதன் பிறகுதான் அவள் வாங்குவாளாம். அதற்குத்தான் ‘ரெடி’ என்று பெயர். உனக்கு ஏன் பயமில்லை என்று கேட்டதற்கு, “எனக்கும் புடிக்காது. ஆனா யாராவது பிசையணும்ல” என்றான்.

அவன் கையைப் பார்த்து நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன். நகத்திலெல்லாம் பசை, முழங்கைவரை சாயம். ‘தங்கச்சியைப் பார், கை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்’ என்று தினமும் சொன்னேன். ஒரு நாளாவது காரணம் சொன்னானா, கல்லுளிமங்கன்! அவளைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ.

எழுந்து வரும்போது கேட்டான்: “அங்க இப்ப அவளுக்கு யாரும்மா பிசைஞ்சு குடுக்கறாங்க?”

நீ சொல்.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடச் சமையலறையில் நின்று படித்தேன்.

அன்று மாலை நானே பிசைந்தேன். என் கை முழுவதும் ஒட்டியது, எனக்கே உடம்பு கூசியது. விடாமல் பிசைந்தால் சட்டென்று ஒரு நேரத்தில் கையை விட்டு வருகிறது. இரண்டு உள்ளங்கையையும் விரித்துச் சிட்டுவிடம் காட்டினேன். பார்த்தாள். புறங்கையையும் திருப்பிக் காட்டச் சொன்னாள். காட்டினேன். வாங்கிக்கொண்டாள்! இழுத்தாள், மேசையில் அறைந்தாள், கொஞ்சம் சிரித்தாள்கூட. பிறகு உருண்டையைத் திரும்ப என் கையில் வைத்துவிட்டு, “அண்ணா எப்ப வருவான்?” என்றாள். ஐந்து மாதமாக அவள் இதைக் கேட்டதே இல்லை அக்கா. மறந்துவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

இவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்தார். அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், உங்கள் கடிதங்களை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டேன். ஒளித்து வைத்ததற்குத் திட்டுவார் என்று நினைத்தேன். வாண்டு சொன்ன இடத்தை இரண்டு தரம் படித்தார். “அந்தப் புட்டிய நான் கீழ வச்சிருக்கக் கூடாது. தொழில்காரன் செய்யற வேலையா அது?” என்றார். கடிதங்களை மடித்துக்கொண்டே, “ஆனா அண்ணன் சொன்ன சொல்லை யார் எடுக்கறது?” என்றார். எனக்கும் அதே கேள்விதான்.

வேலைக்குக் கையெழுத்துப் போடப்போவது உறுதி என்றுதான் சொல்கிறார். நாங்கள் போவதற்குள் வாண்டுவை ஒரு வாரமாவது அனுப்புங்கள். இந்த வாரக் கடைசியோடு அவனுக்குப் பருவ விடுமுறை தொடங்குமே. கெஞ்சிக் கேட்கிறேன்.

தங்கை

ஜூலை 29

உனக்கு,

அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் பையன் கையை உடைத்துக்கொண்டான். உனக்கு இன்னொரு புட்டிக் கஞ்சி அனுப்பப்போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், தானே புட்டியில் ஊற்றி வைக்க, யாருக்கும் தெரியாமல் கேனைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறான். கேன் அவனைவிடக் கனம். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, இடது உள்ளங்கை சிராய்த்து அதற்கும் ஒரு கட்டு. சாப்பாட்டை நான்தான் ஊட்டுகிறேன். பயப்பட ஒன்றுமில்லை, சேர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அவனைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஊருக்குப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். “வேணும்னா அவங்க வரட்டும்” என்றார். அவர்களுக்கு வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறார்கள், வரச்சொல்லி நாம் ஒரு வார்த்தை சொன்னோமா என்று கேட்டேன். இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இவ்வளவு நாள் இவருக்காக உன்னிடம் சண்டை போட்டேன் பார், என்னைச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டு போகவில்லை, சொல்லிவிட்டுப் போகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். அவனை உன்னிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவேன், கல்லாவில் ஆள் இல்லை. இந்தக் கையை வைத்துக்கொண்டு அவனால் உன் பெண்ணுக்கு எதையும் பிசைந்து கொடுக்க முடியாது. அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லி வை, ஏமாந்து போவாள்.

அக்கா

ஆகஸ்ட் 7

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டீர்கள். மெலிந்துவிட்டீர்கள் என்று சொல்ல நினைத்தேன், நேரில் வாய் வரவில்லை. நீங்கள் போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

சிட்டுவிடம் நான் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். சரி என்று தலையாட்டியிருந்தாள். அன்று இரண்டும் சமையலறை மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தன. வாண்டு தன் இரண்டு கட்டுகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, பசையை ஊற்று, தண்ணீர் ஊற்று, போதும் என்று எனக்கு உத்தரவு போட்டான். கஞ்சியை விட்டு நான் கரண்டியால் கலக்கினேன். திரண்டது. பிசைய நான் கையை நீட்டினேன்.

“நீ வேண்டாம்மா” என்றாள் சிட்டு.

சட்டைக் கையை இரண்டு பக்கமும் மேலே ஏற்றிக்கொண்டாள். அண்ணன் கையைப் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, கிண்ணத்துக்குள் இரண்டு கையையும் விட்டாள்.

எனக்கு அன்றைய அலறல் நினைவுக்கு வந்தது. பிடித்து இழுக்கலாமா என்று பார்த்தேன். அவள் உதடு கோணிக்கொண்டு போனது, கண்ணில் தண்ணீர் வழிந்தது, “ஒட்டுது அண்ணா, ஒட்டுது” என்றாள். வாண்டு எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். “ஒட்டும். கைய எடுக்காத. இன்னும் கொஞ்சம் பிசை. அப்புறம் போயிடும்” என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான், ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. அவள் அழுதுகொண்டே பிசைந்தாள். கடைசியில் கையை விட்டு வந்துவிட்டது. உள்ளங்கை, புறங்கை இரண்டையும் திருப்பி அவனிடம் காட்டினாள். “ரெடி” என்றான் வாண்டு. அவனால் வாங்க முடியாது என்பதால், அவன் முழங்கைக்கு மேலே கட்டு இல்லாத இடமாகப் பார்த்து ஒட்டவைத்தாள். இருவரும் சிரித்தார்கள். நான் அழுதேன்.

இவர் எப்போது வந்தார் என்று தெரியாது, கதவருகே நின்றுகொண்டிருந்தார். வாண்டுவைப் பார்த்து, “உங்கப்பா என்னடா சொல்லி அனுப்பினாரு?” என்று கேட்டார்.

“சித்தப்பா பேசினா மட்டும் பேசுன்னாரு.”

“வேற?”

“அவ்ளோதான். பஸ்ஸு வரைக்கும் வந்து ஜன்னல்கிட்டயே நின்னாரு. வேற ஏதோ சொல்ல வந்தாரு, பஸ் கிளம்பிடுச்சு.”

பெரியவர் பஸ் நிலையத்துக்கு வந்ததை நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லையே அக்கா.

அன்று இரவு வாண்டுவுக்கு இவரே ஊட்டிவிட்டார். பிள்ளைகள் தூங்கின பிறகு என்னிடம் சொன்னார்: “அண்ணன் மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். ஒரு தடவை வந்தா போதும்.” கையெழுத்துப் போட வருகிற செவ்வாய்க்கிழமை கடைசி நாள். அதற்கு மேல் ஹோட்டல்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள். இதை அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டேன். இனி உங்கள் கையில் இருக்கிறது.

தங்கை

ஆகஸ்ட் 10, ஞாயிறு அதிகாலை

உனக்கு,

உன் கடிதத்தை இவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டுக் கேட்டார். சிட்டு கிண்ணத்துக்குள் கையை விட்ட இடத்தில், நிறுத்து என்று கையைக் காட்டினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, படி என்றார். முடித்ததும், முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பது சும்மா இல்லை.

இவருக்கு நேரில் பேச்சு வராது, அது தம்பிக்கும் தெரியும். அதனால் என்ன சொல்ல வேண்டுமோ அதை என்னிடம் சொல்லச் சொன்னேன். “அன்னிக்கு உன் பொண்ணுன்னு சொல்லிட்டேன். அந்தப் பேச்சு என் வாயில வந்திருக்கக் கூடாது. அவ நம்ம பொண்ணு. அவளைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்துடுங்கடா.” அவர் சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதியிருக்கிறேன். தம்பிக்குப் படித்துக் காட்டு. வருவதும் வராததும் அவர் இஷ்டம், நான் வற்புறுத்த மாட்டேன். மாடி அறையை மட்டும் நேற்றே திறந்து கூட்டிவிட்டேன்.

தபாலில் போட நேரமில்லை, இவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். ஆள் வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார், செருப்பைக் கழற்றலாமா கூடாதா என்று தெரியாமல். படித்தது போதும், போய் உள்ளே கூப்பிடு.

அக்கா